ஷுஹதாக்களின் பாதையோரம் ஒரு பகற்பொழுது

ஊர் சுற்றுவதென்றால் காசுக்கும் கேடு, காலத்துக்கும் கேடு என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய கவலையில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும் வாசக அன்பர்களே, பூமியெங்கும் சென்று, முன் வாழ்ந்த சமுதாயங்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு அல்லாஹுத்தஆலா தன் திருமறையில் ஓரிடத்திலன்று, பல இடங்களில் நம்மை அழைக்கிறான். பயணத்தில் கண்ணுக்குக் கிடைப்பது விருந்து. கருத்துக்குக் கிடைப்பதோ மருந்து. இவ்விரண்டையும் ஒரே பகலில் பெற்றுத் தந்த ஒரு பயணத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிரான்சு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பாரிஸ் மாநகரும் ஐஃபில் கோபுரமுமே. ஆனால் அந்நாட்டின் உயிர்மூச்சு அதன் சிற்றூர்களில் இருக்கிறது. ஆற்றங்கரையிலும் குன்றின் உச்சியிலும், சுண்ணாம்புக் கல்லால் கட்டிய வீடுகளும், நடுவே ஒரு பழைய தேவாலயமும், பக்கத்தில் ஒரு ரொட்டிக் கடையுமாக அமைந்த ஊர்கள் அவை. ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ என்ற பெயரில் ஒரு சங்கமே 1982 முதல் அங்கு இயங்கி வருகிறது. மக்கள்தொகை 2,000-ஐத் தாண்டாத, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இரண்டேனும் உடைய ஊர்களுக்கே அதில் இடம் உண்டு. சிறியதாக இருப்பதே ஒரு தகுதியாகக் கொள்ளப்படுவதை எண்ணிப் பாருங்கள்!

என் லாத்தாவின் குடும்பம் நடுமேற்குப் பிரான்சிலுள்ள புவாத்தியே நகரில் வசிக்கிறது. மச்சானின் பூர்வீகம் காரைக்கால். புதுச்சேரியும் காரைக்காலும் 1954-இல் இந்திய ஆட்சியின்கீழ் வந்து, 1962-இல் சட்டப்படி முழுமையாக இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. மச்சானின் வாப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்தவர். அந்தப் பக்கத்து மக்கள் வழக்கில் சொன்னால் ஒரு ‘சொல்தா’. மத்ரஸா விடுமுறையில், மே மாதத்தில், லாத்தாவின் அழைப்பை ஏற்று நான் அங்கே சென்றிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. “அவசரமில்லாமல் நாலு ஊர் பார்த்து வருவோம்” என்றார் மச்சான். சுற்றி வர மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர்தான். லாத்தா நெய்ச்சோறும் காரைக்கால் பாணியில் வாடாவும் செய்து கட்டிக்கொண்டார். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். வண்டி நகர எல்லையைக் கடந்ததும், பின் இருக்கையில் என்னருகே அமர்ந்திருந்த பன்னிரண்டு வயது மருமகன் மெல்லப் பேச்செடுத்தான்.

“மாமா, 732-இல் இங்கே நடந்த சண்டையைப் பற்றி நான் வகுப்பில் பேச வேண்டும். ‘உங்கள் ஆட்களை எங்கள் ஆட்கள் இங்கேதான் விரட்டினார்கள்’ என்று ஒரு பையன் சொன்னான். நான் பிறந்தது இந்த ஊர். என் பாஸ்போர்ட்டும் இந்த நாட்டுடையதுதான். அப்படியானால் அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம்?”

முன்னிருக்கையில் லாத்தாவும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதன்று என்பது எனக்கு விளங்கியது. 2012 அக்டோபரில், அதே நகரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பள்ளிவாசலின் கூரைமீது தீவிரப் போக்குடைய இளைஞர்கள் சுமார் 70 பேர் ஏறி அமர்ந்து, 732 என்ற எண்ணைப் பதாகையில் எழுதி விரித்தார்கள். ஆயிரத்து இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு போரின் ஆண்டு, வாழும் மக்களை நோக்கி வீசப்படும் கல்லாக மாறியது. அக்குழுவைப் பிரெஞ்சு அரசு 2021-இல் கலைத்துவிட்டது. ஆனால் கல் விழுந்த இடத்தின் வலி அரசாணையால் ஆறிவிடுமா?

“மாலையில் அந்தப் போர்க்களத்துக்கே போகிறோம். அங்கே நின்று பேசுவோம். அதுவரை கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே வா” என்றேன்.

சாலையின் இருபுறமும் கோதுமைப் பயிர் பச்சைப் பசேலென்று அலையடித்தது. முதலில் நாங்கள் இறங்கிய ஊர் ஷோவினி. வியன் ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூரின் மேட்டுப் பகுதியில் ஒரே குன்றின்மீது ஐந்து கோட்டைகளின் சிதைவுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை ஆண்டவர் புவாத்தியேயின் ஆயர். மற்றவை பிரபுக் குடும்பங்களுக்கு உரியவை. ஒரு குன்றுக்கு ஐந்து கோட்டைகள் என்றால், அந்நாளில் மனிதர் மனிதரை எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும்! அஞ்சியவர்களும் இல்லை, அச்சுறுத்தியவர்களும் இல்லை. சுவர் இடுக்குகளில் புறாக்கள் குடியிருக்கின்றன. அதிகாரத்தின் ஆயுள் எவ்வளவு என்பதை மேடையேறிச் சொல்லாமலேயே அச்சுவர்கள் சொல்கின்றன.

கோட்டைகளுக்கு நடுவே 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தேவாலயம் ஒன்றுண்டு. அதன் தூண்தலைகளில் மனிதரை விழுங்கும் விசித்திர விலங்குகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றில் தன்னைச் செய்தவர் கோஃப்ரிதுஸ் என்று அச்சிற்பமே கூறுவதுபோல் லத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாளில் உழைப்பாளியின் பெயர் கல்லில் ஏறுவது அரிது. ஐந்து கோட்டைகளின் சொந்தக்காரர்களை இன்று நூலகத்தில் தேட வேண்டியிருக்கிறது. கல் செதுக்கியவரின் பெயரோ வருவோர் போவோர் வாயிலெல்லாம் இருக்கிறது.

இத்தகைய பழைய கட்டடங்கள் எவ்வாறு இவ்வளவு சீராக நிற்கின்றன என்று மச்சானிடம் வினவினேன். அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதுமையாக இருந்தது. 1905-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் அரசையும் சமயத்தையும் பிரித்தது. அதன் விளைவாக, அதற்கு முன் கட்டப்பட்ட கிராமத் தேவாலயங்கள் பெரும்பாலும் ஊராட்சிகளின் உடைமையாயின. வழிபடுவோர் வழிபடுகின்றனர், கூரை ஒழுகினால் ஊராட்சி கவலைப்படுகிறது. தேவாலயத்துக்குள் காலெடுத்து வைக்காத ஊரவரும் அதன் கல்லைத் தம் ஊரின் கல்லாகக் கருதிக் காக்கிறார்கள். நம் கடற்கரையூர்களில் முன்னோர் எழுப்பிய கல்தூண் பள்ளிவாசல்களைப் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் ஓடு பதிக்க அவசரப்படும் அன்பர்கள் இதனைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும்.

ஷோவினியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் சேன் சவேன். கார்த்தாம்ப் என்னும் ஆற்றின் கரையில், பழைய கல்பாலத்தை ஒட்டி, ஒரு துறவிமடத்தின் தேவாலயம் நிற்கிறது. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் அதன் விதானம் முழுவதும் தீட்டப்பட்ட சுவரோவியங்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. யுனெஸ்கோ நிறுவனம் 1983-இல் இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக 1834-இல் பொறுப்பேற்ற எழுத்தாளர் புராஸ்பெர் மெரிமே, சிதைந்துகொண்டிருந்த இக்கட்டடத்தைக் காப்பதற்குப் பெரிதும் பாடுபட்டார் என்பது வரலாறு.

தரையிலிருந்து சுமார் 17 மீட்டர் உயரத்தில் விதானம். அண்ணாந்து பார்த்த லாத்தா, “தம்பி, இது நூஹு நபியின் கப்பல் அல்லவா?” என்றார். ஆம், அதுவே. அடுக்கடுக்கான கப்பலில் மிருகங்களும் பறவைகளும் மனிதர்களும். அப்பால் இப்ராஹீம் நபி (அலை), யூசுஃப் நபி (அலை), மூஸா நபி (அலை) ஆகியோரின் வரலாறுகள். கடலில் மூழ்கும் ஃபிர்அவ்னின் படை. நபிமார்களுக்கு உருவம் தீட்டுவதை நம் மார்க்கம் அனுமதிப்பதில்லை. அந்த வேறுபாட்டை நாம் மறைக்கவும் வேண்டியதில்லை, மறக்கவும் கூடாது. எனினும் எழுத்தறியாத உழவர்கள் நிறைந்த ஒரு காலத்தில், இம்மடத்தார் தம் மக்களுக்குச் சொல்ல விரும்பிய கதைகளும் நம் பாட்டிமார் நமக்குச் சொல்லிய வரலாறுகளும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை அந்தக் கூரையின்கீழ் நின்றபோது உணராமல் இருக்க முடியவில்லை. மருமகன் ஒவ்வொரு காட்சியாக அடையாளம் கண்டு, தன் குர்ஆன் வகுப்பில் கேட்ட விவரங்களைத் தாழ்ந்த குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். பக்கத்தில் நின்ற பிரெஞ்சு மூதாட்டி ஒருவர் காதைக் கூர்மையாக்கிக் கேட்பதையும் கவனித்தேன்.

ஆற்றங்கரைப் புல்வெளியில் மதிய உணவு. கோடைக் கணக்கில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருப்பதால், அந்நாட்டின் அப்பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறத்தாழப் பகல் இரண்டு மணிக்குத்தான். ஆற்று நீரில் உளூச் செய்து ளுஹரைத் தொழுதோம். நம் ஊரில் மேற்குத் திசை நோக்கித் தொழுது பழகியவன் நான். இங்கோ கிழக்கும் தென்கிழக்கும் கலந்த திசையில் கிப்லா. மக்காவுக்கு அந்தப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், இந்தப் பக்கத்தில் நான் நிற்கிறேன். இருவரும் முகத்துக்கு முகம் நோக்கியே நிற்கிறோம் என்று எண்ணியபோது நெஞ்சு நிறைந்தது.

ரொட்டியுடன் தின்ன அப்பகுதியின் ஆட்டுப்பால் பாலாடைக் கட்டி ஒன்றை மச்சான் வாங்கி வந்திருந்தார். அதில் சேர்க்கும் உறைபொருள் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று விசாரித்தே வாங்குவது அவர் வழக்கம். ஷாபிஷூ என்று அதற்குப் பெயர். 732-இல் தோற்றுத் திரும்பிய படையிலிருந்து பின்தங்கிப்போன அரபுக் குடும்பங்கள் ஆடு வளர்க்கக் கற்றுக் கொடுத்தன. அரபுச் சொல்லே இவ்வாறு திரிந்தது என்று அவ்வூர் மக்கள் கதை சொல்வர். வரலாற்றறிஞர்கள் இதனை ஏற்பதில்லை. நானும் இதனை வரலாறென்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தம் எதிரி விட்டுச் சென்றதாகத் தாமே கதை கட்டிக்கொண்ட ஓர் உணவை, அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு உண்டு வருகிறார்கள். பகையை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் மக்கள் இப்படி ஒரு கதையைப் பேணுவார்களா?

மூன்றாவது ஊர் ஆங்ல் சூர் லாங்லேன். முன்பு சொன்ன அழகிய கிராமங்களின் பட்டியலில் இடம்பெற்றது. செங்குத்தான பாறைமீது இடிந்த கோட்டை. கீழே ஆங்லேன் ஆறு. கரையில் ஒரு பழைய நீராலை. இவ்வூருக்கு அருகே ஒரு பாறைச் சரிவில், ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் குதிரைகளையும் காட்டெருமைகளையும் மலையாடுகளையும் சுமார் 20 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கி வைத்துள்ளனர். இரண்டு பெண் ஆய்வாளர்கள், சூசான் தெ சேன் மத்யுரேனும் தோரதி கேரடும், 1950-இல் இதனைக் கண்டறிந்தனர். மூச்சுக் காற்றின் ஈரம்கூடக் கல்லைக் கெடுத்துவிடும் என்பதால் மூலச் சிற்பத்தைப் பார்க்க அனுமதி இல்லை. ஊருக்குள் ஒரு விளக்க நிலையத்தில் அதன் நகலைக் காட்டுகிறார்கள்.

லாத்தாவின் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. இவ்வூர்ப் பெண்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஒரு நுண்ணிய தையல் வேலைக்குப் பெயர் பெற்றவர்கள். லினன் துணியில் இழைகளை எண்ணி உருவி எடுத்து, எஞ்சிய இழைகளை ஊசியால் கட்டிக் கட்டி, பூவாகவும் சதுரமாகவும் சாளரங்கள் அமைக்கிறார்கள். பாரிஸின் பெரிய கடைகளுக்கு இவர்கள் கைவேலை சென்றது. கணவன்மார் வயலிலும் கல்லுடைப்பிலும் ஈட்டியது போதாத குடும்பங்களில், வாசற்படியில் அமர்ந்து இழை உருவிய பெண்களின் கூலி அடுப்பை எரியச் செய்தது. விளக்கம் சொன்ன அம்மையாரிடம் லாத்தா ஊசியை வாங்கி இரண்டு கட்டுப் போட்டுக் காட்டினார். அந்த அம்மையார் வியந்து, உங்கள் ஊரில் யார் கற்பித்தார் என்று கேட்டார். “என் உம்மம்மா” என்றார் லாத்தா. மொழிபெயர்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

ஊர்ச் சதுக்கத்தில், மற்றெல்லாப் பிரெஞ்சுக் கிராமங்களையும் போலவே, 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவுக்கல் இருந்தது. ஒரே குடும்பப் பெயர் இரண்டு தடவை, மூன்று தடவை வருவதை மருமகன் விரலால் தொட்டு எண்ணினான். அண்ணனும் தம்பியும் என்று புரிந்துகொண்டபோது அவன் விரல் நின்றுவிட்டது. அப்போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களின் நினைவாகவே பாரிஸ் பெரிய பள்ளிவாசல் எழுப்பப்பட்டு 1926-இல் திறக்கப்பட்டது என்பதை நான் அங்கே அவனுக்குச் சொன்னேன். “இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லையே” என்றான்.

மாலை ஆறு மணியளவில் நாங்கள் மேற்கே திரும்பி, மீண்டும் வியன் ஆற்றுப் பக்கம் வந்து சேர்ந்தோம். வூனே என்னும் ஊராட்சியைச் சேர்ந்த ஒரு சிறு குடியிருப்பு. பெயர் மூஸே லா பத்தாய். ‘பத்தாய்’ என்றால் போர். தூர் நகருக்கும் புவாத்தியே நகருக்கும் இடையே அந்தப் போர் எந்தத் துல்லியமான இடத்தில் நடந்தது என்பதில் வரலாற்றறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. எனினும் பழைய ரோமானியச் சாலை ஓடிய இந்த இடத்தையே மரபு சுட்டிக்காட்டுகிறது. நம் அரபு வரலாற்றாசிரியர்கள் இப்போரை ‘பலாத்துஷ் ஷுஹதா’ என்பர். கல்பாவிய பாதையில் வீழ்ந்த ஷஹீதுகளின் களம் என்பது பொருள்.

அங்கே சிலை இல்லை, வெற்றித்தூண் இல்லை. வயல்களை நோக்கிய சரிவில், பெரிய சதுரங்கப் பலகை போன்ற ஒரு தளம் அமைத்து, இரு தரப்பினரைப் பற்றிய குறிப்புகளையும் அதில் வைத்திருக்கிறார்கள். வானம்பாடி ஒன்று எங்கோ உயரத்தில் பாடிக்கொண்டிருந்தது. அஸர் நேரம். புல்லில் விரிப்பை விரித்துத் தொழுதோம். நாயோடு உலவ வந்த ஒரு முதிய தம்பதியர் எங்களைக் கண்டு தூரத்திலேயே நின்றுவிட்டனர். ஸலாம் கொடுத்து முடித்த பிறகே அருகில் வந்து, “போன்ஜூர்” என்று வணக்கம் கூறிக் கடந்து சென்றனர்.

பிறகு மருமகனை அருகே அமர்த்தி, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“கேள், மகனே. கி.பி.732, ஹிஜ்ரி 114. படைத் தலைவர் அந்தலுஸின் அமீர் அப்துர் ரஹ்மான் அல்ஃகாஃபிகீ. பதினோராண்டுகளுக்கு முன், 721-இல், துலூஸ் நகரப் போரில் அமீர் வீழ்ந்தபோது, சிதறிய படையைத் திரட்டிப் பத்திரமாக அழைத்து வந்தவர் இவர். இவர் வெறும் வாள் வீரரும் அல்லர், தாபிஈ. இப்னு உமர் (ரலி) அவர்களிடம் நேரில் கேட்ட ஹதீஸை அறிவித்தவர். அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் அந்த ஹதீஸ் இருக்கிறது. மதுவைக் குடிப்பவன் முதல் பிழிபவன், சுமப்பவன், விற்பவன் வரை எல்லோரையும் எச்சரிக்கும் ஹதீஸ் அது. என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் அந்த ஸனதை ஓதிக் காட்டுகிறேன். அதில் வரும் பெயருக்குரியவர் உயிர் துறந்த மண்ணில் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

“ஆனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இந்தப் படை வரும் வழியில் ஊர்கள் கொள்ளையிடப்பட்டன. புவாத்தியேயில் புனித ஹிலாரியின் தேவாலயம் எரிக்கப்பட்டதாகப் பிராங்கியரின் வரலாற்றேடு கூறுகிறது. வழிபாட்டில் ஒதுங்கியிருக்கும் துறவிகளைத் தொடக்கூடாது, பயனின்றி எதையும் பாழாக்கக்கூடாது என்று படைக்கு அறிவுரை கூறி அனுப்பியவர் அபூபக்கர் சித்தீக் (ரலி). அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் அது நம்மையும்தான் அளக்கும்.

“எதிரில் நின்றவர் சார்லஸ் மார்டெல். மார்டெல் என்றால் சம்மட்டி. ஐந்தாண்டு கழித்து, 737-இல், தெற்கே பெஸியே, அக்த் முதலிய ஊர்களைச் சூறையாடியதும் அந்தச் சம்மட்டிதான். அவ்வூர்களில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் அவருடைய மதத்தவர்களே. அக்கித்தேன் நாட்டுக் கோமகன் ஏதோ என்பவர் இன்னும் விந்தையானவர். அவர் கிறித்தவர், ஆனால் மார்டெலின் பழைய எதிரி. தம் மகளைப் பெர்பர் இனத்து முஸ்லிம் தளபதி முனூஸாவுக்கு மணமுடித்து உடன்படிக்கை செய்துகொண்டவர். அந்த முனூஸாவைத் தாக்கி வீழ்த்தியதும் அப்துர் ரஹ்மானின் ஆட்சிதான். பிறகு வேறு வழியின்றி ஏதோ மார்டெலிடமே உதவி கேட்டு ஓடினார். இப்போது சொல், அந்தக் களத்தில் இரண்டே பக்கங்கள்தாம் இருந்தனவா?”

மருமகன் நெடுநேரம் வயலையே பார்த்துக்கொண்டிருந்தான். “பிறகு என்ன ஆயிற்று?” என்றான்.

போர் முடிந்த கதையைச் சொன்னேன். வடக்கத்திய வீரர்கள் அசையாத சுவர்போல் நின்றனர், அமீர் கொல்லப்பட்டார், இருட்டியதும் இரு படைகளும் பிரிந்தன. மறுநாள் காலையில் பிராங்கியர் அணிவகுத்து வந்தபோது எதிரே கூடாரங்கள் நின்றன, ஆள் இல்லை. இரவோடிரவாகப் படை திரும்பிவிட்டிருந்தது. ஸ்பெயின் மண்ணில் 754-ஆம் ஆண்டளவில் லத்தீனில் எழுதப்பட்ட வரலாற்றேடு இதனைக் கூறுகிறது. வென்றவர்களை ‘ஐரோப்பியர்’ என்று அது குறிப்பது அறிஞர்கள் பெரிதும் பேசும் ஒரு செய்தி. முஸ்லிம்கள் அதன் பிறகும் தெற்கே நார்போன் நகரில் 759 வரை ஆண்டனர். ஒரே நாளில் உலகம் தலைகீழானது என்பது பின்னால் வந்தோர் தமக்கு வேண்டியபடி ஊதிப் பெரிதாக்கியது.

அதுவரை மௌனமாக இருந்த மச்சான் அப்போதுதான் வாய் திறந்தார். “என் வாப்பா அல்ஜீரியாவிலும் பணி செய்தார், மச்சான். 1954 முதல் 1962 வரை அங்கே விடுதலைப் போர். எதிரில் நின்றவர்கள் பாங்கு சொல்பவர்கள். இவர் போட்டிருந்தது பிரெஞ்சுச் சீருடை. அந்த ஆண்டுகளைப் பற்றி வாப்பா கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு ரமளானிலும் அந்நாட்டு அனாதைகளுக்கென்று ஒரு தொகை மட்டும் அனுப்பி வந்தார். அவர் எந்தப் பக்கம் என்று இவன் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?”

லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் உடனே பேச்சு வரவில்லை.

பிறகு மருமகனிடம் சொன்னேன்: “நீ எந்தப் பக்கம் என்று கேட்டாய். நீதியின் சாட்சியாக நில், அது உனக்கோ உன் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் சரியே என்று நம் இறைவன் கட்டளையிட்டிருக்கிறான். அந்தப் பக்கம்தான் உன் பக்கம். அதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. இங்கிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அம்புவாஸ் என்ற ஊர். அல்ஜீரியாவில் 15 ஆண்டுகள் பிரான்சை எதிர்த்துப் போராடிய அமீர் அப்துல் காதிரை 1848 முதல் 1852 வரை அவ்வூர்க் கோட்டையில்தான் சிறை வைத்தார்கள். அவருடன் வந்தவர்களில் இருபத்தைந்து பேர் அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். விடுதலையாகி திமிஷ்கில் வாழ்ந்த அதே அமீர், 1860-இல் அங்குக் கலவரம் மூண்டபோது, ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைத் தம் பாதுகாப்பில் வைத்து உயிர் காத்தார். தம்மைச் சிறையிட்ட நாட்டின் தூதரையும் காத்தார். அவர் எந்தப் பக்கம் என்று உன் நண்பனிடம் கேட்டுப் பார்.”

“தேவாலயம் எரிந்ததையும் வகுப்பில் சொல்லட்டுமா? சிரிப்பார்களே” என்றான்.

“முதலில் அதைச் சொல். உன் தரப்புக் குறையை நீயே எடுத்து வைத்தால், அடுத்து நீ சொல்லும் நிறையை அவர்கள் நம்புவார்கள்.”

நான் ஊர் திரும்பிய சில நாட்களில் லாத்தா தொலைபேசியில் பேசினார். மருமகன் எல்லாவற்றையும் மறைக்காமல் பேசினானாம். கேலி செய்த பையனே இடைவேளையில் வந்து, “மது கூடாதென்ற செய்தியை அறிவித்தவரா போர்தோ நகரைப் பிடித்தார்?” என்று கேட்டுச் சிரித்தானாம். வரும் வழியில் அப்படை கைப்பற்றிய போர்தோ இன்று மதுவுக்கு உலகப் புகழ் பெற்ற நகரமல்லவா! இருவரும் சேர்ந்தே சிரித்தார்களாம். அவர்கள் அதன்பின் இணைபிரியா நண்பர்களாகிவிட்டனர் என்றெல்லாம் நான் கதை கட்ட விரும்பவில்லை. ஒரு கல், கல்லாக வந்து விழாமல், கேள்வியாக வந்து விழுந்தது. அதுவே பெரிது.

அன்பு வாசகர்களே! நம் பிள்ளைகளில் பலர் இன்று பிற நாடுகளில் பிறக்கிறார்கள். சொந்த நாட்டில் பிறந்தவர்களிடமும் ‘நீ எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி வேறு வேறு உருவங்களில் கேட்கப்படுகிறது. அதற்கு ஆத்திரத்தாலும் பயன் இல்லை. தலைகுனிவாலும் பயன் இல்லை. நம் வரலாற்றை வெற்றிப் பட்டியலாக மட்டும் அவர்களுக்குக் கொடுத்தால், முதல் தோல்விச் செய்தியிலேயே அவர்கள் நிலைகுலைந்துபோவார்கள். வென்றதையும் தோற்றதையும், கட்டியதையும் எரித்ததையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். எந்தக் கேள்விக்கும் அஞ்சாத நெஞ்சம் உண்மையால்தான் வளரும். வாய்ப்புள்ளவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பழைய இடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். தொலைதூர நாடு வேண்டுமென்பதில்லை. பக்கத்து ஊரின் பழைய கபுருஸ்தானும் போதும்.

வல்ல ரஹ்மான், நமக்கும் நம் சந்ததியினருக்கும் தமக்கே எதிராயினும் உண்மையைச் சொல்லும் துணிவையும், பகைவனுக்கும் நீதி வழங்கும் நெஞ்சத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.